ஐந்து பந்துகள், மூன்று விடைகள்

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் எழுதிவிடுகிறேன், பிழை இருந்தால் திருத்துங்கள். மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறார். "ஒரு பையில் 3 சிவப்புப் பந்துகளும் 2 நீலப் பந்துகளும் உள்ளன. அதிலிருந்து எழுமாறாக இரண்டு பந்துகள் எடுக்கப்படுகின்றன. இரண்டும் ஒரே நிறமாக இருப்பதற்கான நிகழ்தகவு யாது?" என்பது கணக்கு. மகளுக்கு 2/5 வந்தது. தனியார் வகுப்புக் கொப்பியில் இதே மாதிரியான கணக்குக்கு 13/25 என்று இருக்கிறது. நீங்களோ, இரண்டும் சிவப்பு, இரண்டும் நீலம், ஒன்றுக்கொன்று வேறு என்று மூன்றே விதங்கள்தானே இருக்கின்றன, அதில் இரண்டு நமக்கு வேண்டியவை, ஆகவே 2/3 என்று நினைத்தீர்கள். மூன்றில் எது சரி, எங்கே பெருக்குவது, எங்கே கூட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கேட்பது ஒரு கணக்கின் விடையை மட்டும் அல்ல என்றுதான் எனக்குப் படுகிறது. இப்படிப்பட்ட கணக்கில் எதை எண்ண வேண்டும் என்பதே உங்கள் கேள்வி. மாணவர்களில் பெரும்பாலோர் இதைக் கேட்காமலேயே பரீட்சை மண்டபத்துக்குப் போய்விடுகிறார்கள்.

கொழும்பில் இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தரம் 10, 11 மாணவர்களுக்குத் தமிழ் மொழிமூலம் கணிதம் கற்பித்து வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். முதலில் விடை: நீங்கள் எழுதிய சொற்களின்படி உங்கள் மகளின் 2/5 சரி. 13/25 என்பது வேறொரு கேள்விக்குச் சரியான விடை, அதைப் பிறகு சொல்கிறேன். 2/3 எந்தக் கேள்விக்கும் பொருந்தாது. ஆனால் மூன்றிலும் நாம் அதிகம் கற்றுக்கொள்ளக்கூடியது அந்த 2/3இலிருந்துதான்.

உங்கள் எண்ணத்தில் பாதி சரி. மூன்று விதங்கள்தான் இருக்கின்றன என்பதில் பிழை இல்லை. அந்த மூன்று விதங்களும் ஒரே அளவு வாய்ப்புள்ளவை என்று சொல்லாமலே எடுத்துக்கொண்டதுதான் பிழை. நாளைக்கு மழை பெய்யும் அல்லது பெய்யாது, விதங்கள் இரண்டு, ஆகவே பாதிக்குப் பாதி என்று யாரும் சொல்வதில்லை. பந்து என்று வந்ததும் அதே தவறு கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. பெரிய கணித மேதைகளும் இந்த இடத்தில் இடறியிருக்கிறார்கள். பிரெஞ்சுக் கணிதவியலாளர் டலம்பேர், 1754இல் வெளிவந்த கலைக்களஞ்சியத் தொகுதியில், ஒரு நாணயத்தை இரண்டு முறை சுண்டும்போது ஒரு தடவையாவது தலை விழுவதற்கான நிகழ்தகவைப் பற்றி எழுதினார். முதல் தடவையே தலை விழுந்தால் அத்துடன் முடிந்தது, விழாவிட்டால் இரண்டாம் தடவை தலை அல்லது பூ, ஆக மூன்று நிலைகள், அவற்றில் இரண்டு சாதகம், எனவே 2/3 என்பது அவருடைய வாதம். சரியான விடை 3/4. "முதல் தடவையே தலை" என்ற அவருடைய ஒரு நிலைக்குள் தலை-தலை, தலை-பூ என்று இரண்டு பேறுகள், அதாவது இரண்டு தனித்தனி முடிவுகள், அடங்கியிருக்கின்றன. உங்களுடைய "ஒன்றுக்கொன்று வேறு" என்ற விதத்துக்குள்ளும் அப்படித்தான் பல பேறுகள் ஒளிந்திருக்கின்றன.

அவற்றை வெளியே கொண்டுவர ஒரே வழி பந்துகளுக்குப் பெயர் வைப்பது. சிவப்புப் பந்துகள் மூன்றும் நம் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் பையில் இருப்பவை மூன்று வெவ்வேறு பொருள்கள். சி1, சி2, சி3, நீ1, நீ2 என்று எழுதுங்கள். "எழுமாறாக" என்ற சொல் நமக்குத் தரும் வாக்குறுதி இவ்வளவுதான்: பைக்குள் கை போகும்போது இந்த ஐந்தில் ஒவ்வொன்றும் அகப்படுவதற்கு ஒரே அளவு வாய்ப்பு இருக்கிறது. வாக்குறுதி பந்துகளைப் பற்றியது, நிறங்களைப் பற்றியது அல்ல. இந்த ஒரு வரி பிடிபட்டுவிட்டால் மீதி எல்லாம் பொறுமையாக எண்ணுகிற வேலைதான். தமிழ்நாட்டுப் பாடப் புத்தகங்களில் இதே கருத்துக்குச் "சமவாய்ப்பு" என்று சொல்கிறார்கள். வரக்கூடிய பேறுகள் எல்லாவற்றின் தொகுப்பான நம்முடைய "மாதிரி வெளி"யை அங்கே "கூறுவெளி" என்பார்கள். இணையத்தில் அங்குள்ள ஆசிரியர்களின் காணொளிகளைப் பார்க்கும் நம் பிள்ளைகள் சொல் மாறியதும் பொருளும் மாறிவிட்டதென்று குழம்புகிறார்கள். பொருள் ஒன்றேதான். "சமவாய்ப்பு" என்ற சொல் கருத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுவதால் என் வகுப்பில் அதையும் ஒரு முறை கரும்பலகையில் எழுதிக் காட்டுவது வழக்கம்.

இப்போது மகளின் கொப்பியில் ஒரு நெய்யரி, அதாவது குறுக்கும் நெடுக்குமான கோடுகளின் கட்டம், வரையச் சொல்லுங்கள். கிடை அச்சில் முதலாவதாக எடுக்கும் பந்து, நிலைக்குத்து அச்சில் இரண்டாவதாக எடுக்கும் பந்து, இரண்டிலும் அதே ஐந்து பெயர்கள். மொத்தம் 25 புள்ளிகள் கிடைக்கும். கீழ் இடது மூலையிலிருந்து மேல் வலது மூலைக்குப் போகும் மூலைவிட்டத்தில் ஐந்து புள்ளிகள் இருக்கும்: சி1-சி1, சி2-சி2, இப்படி. முதல் பந்தைத் திரும்பப் பைக்குள் போடவில்லையென்றால் அதே பந்து இரண்டாம் முறை கைக்கு வர முடியாது. ஆகவே அந்த ஐந்தையும் வெட்டிவிட வேண்டும். மிஞ்சுபவை 20. இரண்டும் சிவப்பாக உள்ளவை 6, இரண்டும் நீலமாக உள்ளவை 2, நிறம் வேறுபட்டவை 12. உங்கள் மூன்று விதங்களின் உண்மையான எடை இதுதான்: 6, 2, 12. ஒரே நிறம் வேண்டுமென்றால் 8/20, அதாவது 2/5.

கொப்பியில் இருந்த 13/25 எங்கிருந்து வந்தது என்பதும் இதே படத்தில் தெரியும். முதல் பந்தைப் பார்த்துவிட்டுத் திரும்பப் பைக்குள் போட்டால் மூலைவிட்டத்தை வெட்டக்கூடாது. அதே பந்து மறுபடியும் வரலாம். அந்த ஐந்து புள்ளிகளும் இயல்பாகவே ஒரே நிறம், ஏனென்றால் ஒவ்வொன்றிலும் இரண்டு தடவையும் வருவது ஒரே பந்து. எட்டுடன் ஐந்தைக் கூட்டினால் 13, இருபதுடன் ஐந்தைக் கூட்டினால் 25. திரும்ப வைப்பதற்கும் வைக்காததற்கும் உள்ள வேறுபாடு முழுவதும் அந்த ஒரு மூலைவிட்டத்தில் இருக்கிறது. பல ஆண்டுகள் நான் இதை இரண்டு தனித்தனி வாய்பாடுகளாகக் கற்பித்தேன். ஒரு மாணவி வெட்டிய புள்ளிகளின்மேல் விரலை வைத்து, "சேர், இவை ஐந்தும்தானே மற்றக் கணக்கு?" என்று கேட்ட பிறகு அப்படிக் கற்பிப்பதை விட்டுவிட்டேன்.

படம் நம்ப வைக்காத பிள்ளைகள் சிலர் இருப்பார்கள். அவர்களுக்குக் கை நம்ப வைக்கும். புறக்கோட்டையில் வாங்கிய சட்டைப் பொத்தான்களை, மூன்று சிவப்பும் இரண்டு நீலமுமாக, சிறு துணிப்பைகளில் போட்டுப் பிள்ளைகளிடம் கொடுப்பேன். இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, ஒருவர் எடுக்க மற்றவர் குறித்துக்கொள்வார். ஒரு வகுப்பில் ஐந்து சோடிகள் நாற்பது தடவை வீதம் எடுத்தார்கள், மொத்தம் 200. ஒரே நிறமாக வந்தவை 77. 2/5 என்றால் 80ஐ எதிர்பார்க்க வேண்டும், 13/25 என்றால் 104, 2/3 என்றால் 133க்குக் கிட்ட. 77ஐக் கண்டதும் வகுப்பில் விவாதம் ஓய்ந்துவிட்டது. சரியாக 80 வரவில்லையே என்று ஒரு பிள்ளை வருந்தினார். வராதுதான், வரவும் தேவையில்லை. நிகழ்தகவு எண்ணிக்கைக்கு உத்தரவு போடுவதில்லை, எண்ணிக்கை எதைச் சுற்றி அலையும் என்பதை மட்டுமே சொல்கிறது.

அதற்கு முந்தைய ஆண்டு இதே சோதனை பிழைத்துப்போனது, காரணத்தையும் சொல்ல வேண்டும். அப்போது நீலப் பொத்தான்களை வேறு கடையில் வாங்கியிருந்தேன். அவை சற்றுப் பெரியவை, ஓரம் தடித்தவை. பிள்ளைகள் வேண்டுமென்று செய்யவில்லை, ஆனாலும் விரல்கள் பெரியதைத்தான் முதலில் பற்றின. நீலம் வரவேண்டிய அளவைவிட மிக அதிகமாக வந்தது. கணக்கு பிழைக்கவில்லை, "எழுமாறாக" என்ற வாக்குறுதிதான் பிழைத்தது. உலகறிந்த ஓர் உதாரணமும் உண்டு. வியட்நாம் யுத்தத்துக்கு இளைஞர்களைத் தெரிவுசெய்ய அமெரிக்காவில் 1969 டிசெம்பர் 1ஆம் திகதி ஒரு குலுக்கல் நடந்தது. ஆண்டின் 366 பிறந்த திகதிகளும் சிறு குப்பிகளில் இடப்பட்டு ஒவ்வொன்றாக எடுக்கப்பட்டன. குப்பிகளை மாத வரிசையில் போட்டவர்கள் போதிய அளவு கலக்கவில்லை. ஆண்டின் கடைசி மாதங்களில் பிறந்தவர்கள், குறிப்பாக டிசெம்பரில் பிறந்தவர்கள், மிகுதியாக முன்வரிசையில் அகப்பட்டார்கள். அடுத்த ஆண்டு முறையை மாற்றினார்கள். பரீட்சைத் தாளில் "எழுமாறாக" என்பது தரப்பட்ட உண்மை, அதைக் கேள்வி கேட்க வேண்டியதில்லை. வெளியுலகில் அது நாம் உழைத்து உண்டாக்க வேண்டிய ஒன்று. ஒரு பை உண்மையிலேயே நேர்மையானதா என்பதைப் பேனையும் கொப்பியும் மட்டும் வைத்துக்கொண்டு என்னால் சொல்ல முடியாது.

இனிப் பெருக்கலும் கூட்டலும். நம் வகுப்புகளில் பிள்ளைகளுக்கு ஒரு மந்திரம் சொல்லிக் கொடுக்கப்படுகிறது: "உம் வந்தால் பெருக்கு, அல்லது வந்தால் கூட்டு." இதை நான் விரும்புவதில்லை. பாதி நேரம் சரியான விடையைத் தந்துவிட்டு மீதி நேரம் ஏமாற்றிவிடும். ஒவ்வொரு தடவை பந்து எடுக்கும்போதும் கிளை பிரியும் மரவரிப்படத்தை வரைந்து பாருங்கள். முதல் பந்து சிவப்பு என்ற கிளைக்கு 3/5. அந்தக் கிளையின் நுனியில் நிற்கும்போது பையில் இருப்பவை நான்கு, அவற்றில் சிவப்பு இரண்டு, எனவே அடுத்த கிளைக்கு 2/4. ஒரே பாதையில் தொடர்ந்து நடக்கும்போது பெருக்குகிறோம், ஏனென்றால் ஐந்தில் மூன்று பங்கு தடவைகளில் இந்தக் கிளைக்கு வருகிறோம், அப்படி வந்தவற்றில் பாதி தடவைகளில் மேலே போகிறோம். பங்கின் பங்கு என்பது பெருக்கல்தானே. 3/5 × 2/4 = 6/20. நீலப் பாதைக்கு 2/5 × 1/4 = 2/20. இரண்டு பாதைகளில் ஒன்றில் போனவர் மற்றதில் போயிருக்க முடியாது, ஆகவே கூட்டுகிறோம், 8/20. நெய்யரியில் எண்ணிய அதே 6, அதே 2. பின்னங்களை உடனே சுருக்கிவிடாமல் 20ஐப் பகுதி எண்ணாக அப்படியே வைத்திருக்கச் சொல்லுங்கள், தொகுதி எண்கள் எதை எண்ணியவை என்பது அப்போது கண்ணுக்கு முன்னால் நிற்கும். பரீட்சையில் மாணவர்கள் அதிகம் விடும் பிழை இரண்டாம் கிளையில் மறுபடியும் 3/5 என்று எழுதுவது. "இந்தக் கிளையில் நிற்கிறேன், இப்போது பையில் என்ன இருக்கிறது?" என்று ஒவ்வொரு கிளையிலும் வாய்விட்டுக் கேட்கப் பழகினால் அது வராது.

"அல்லது வந்தால் கூட்டு" ஏமாற்றும் இடம் "குறைந்தது ஒன்று" என்ற சொற்றொடர். இதே பையில் குறைந்தது ஒரு பந்தாவது நீலமாக இருப்பதற்கான நிகழ்தகவைக் கேட்டால், முதலாவது நீலம் 2/5, அல்லது இரண்டாவது நீலம் 2/5, கூட்டினால் 4/5 என்று எழுதுவார்கள். பிழை, ஏனென்றால் இரண்டுமே நீலமாக வருகிற தடவைகள் இரண்டு முறை எண்ணப்பட்டுவிட்டன. இதே முறையில் மூன்று பந்துகளை எடுத்தால் 6/5 வரும். நிகழ்தகவு ஒன்றைத் தாண்டவே முடியாது என்பதால் முறை பிழை என்பது அங்கே தானாகவே வெளிப்படும். நேர்வழி, வேண்டாததை எண்ணிக் கழிப்பது: ஒரு நீலமும் இல்லாதது 6/20, ஆகவே குறைந்தது ஒரு நீலம் 14/20, அதாவது 7/10.

"இரண்டாவது நீலம் 2/5" என்று மேலே எழுதினேனே, அது எப்படி, முதல் பந்து போனபின் நான்குதானே இருக்கின்றன என்று நீங்கள் நிறுத்திக் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியில் பத்துப் பேர் சேர்ந்து மாதச் சீட்டுப் பிடிக்கிறார்கள். முதல் மாதப் பணம் யாருக்கு என்பதற்கு, ஒன்பது வெற்றுத் தாள்களையும் அடையாளமிட்ட ஒரு தாளையும் மடித்துப் போட்டு ஆளுக்கொன்றாக எடுப்பார்கள். கடைசியாக எடுக்கும் அக்கா ஒவ்வொரு முறையும், "எனக்கு முன்னாலேயே ஒன்பது பேர் எடுத்துவிடுகிறீர்கள், எனக்கு என்ன மிஞ்சப்போகிறது?" என்று குறைப்படுவார். நான் அவருக்குத் தாளில் எழுதிக் காட்டினேன். இரண்டாவதாக எடுப்பவருக்கு அடையாளத் தாள் கிடைக்க, முதலாமவருக்கு அது கிடைத்திருக்கக் கூடாது: 9/10. பிறகு மிஞ்சிய ஒன்பதில் ஒன்று: 1/9. பெருக்கினால் 1/10. மூன்றாமவருக்கு 9/10 × 8/9 × 1/8, அதுவும் 1/10. பத்தாவது ஆள்வரை இப்படியே. அவர் முழுதாக நம்பியதாகத் தெரியவில்லை, ஆகவே வேறு விதமாகச் சொன்னேன்: எல்லோரும் எடுத்து முடிக்கும்வரை யாரும் தாளைப் பிரிக்காமல் வைத்திருந்தால், யார் முதலில் எடுத்தார் என்பதால் என்ன வந்துவிடப் போகிறது? அப்போது தலையாட்டினார். பந்துக்கும் இதுவே. முதல் பந்தின் நிறத்தை நாம் அறியாதவரை இரண்டாவது பந்து நீலமாக இருப்பதற்கான நிகழ்தகவு 2/5தான். மரத்தில் சரிபார்க்கலாம்: 6/20 + 2/20 = 8/20. முதல் பந்து சிவப்பு என்று அறிந்த பிறகுதான் அது 2/4 ஆகிறது. பந்து மாறவில்லை, நமக்குத் தெரிந்தது மாறியிருக்கிறது.

எதில் உறுதியாக இருக்கலாம், எதில் இருக்க முடியாது என்றும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். மீண்டும் வைக்காமல் எடுத்தால் 2/5, வைத்து எடுத்தால் 13/25, இவற்றில் ஐயமே இல்லை. இரண்டு பந்துகளையும் ஒரே நேரத்தில் ஒரே பிடியாக எடுத்தாலும், ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தாலும் விடை மாறாது என்பதும் உறுதி. வரிசையைப் பாராமல் சோடிகளாக எண்ணினால் மொத்தம் 10, ஒரே நிறச் சோடிகள் 4, மறுபடியும் 2/5. ஐயம் கணக்கில் இல்லை, கேள்வியின் சொற்களில்தான் இருக்கிறது. "இரண்டு பந்துகள் எடுக்கப்படுகின்றன" என்று மட்டும் இருந்தால் கையில் இரண்டு பந்துகள் இருக்கின்றன என்றுதான் நான் வாசிப்பேன், அதாவது திரும்ப வைக்கவில்லை. "ஒரு பந்து எடுக்கப்பட்டு நிறம் குறிக்கப்படுகிறது, பின்னர் இன்னொரு பந்து எடுக்கப்படுகிறது" என்று எழுதி, இடையில் என்ன நடந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் அது குறையுள்ள கேள்வி. அங்கே "முதற்பந்து மீண்டும் இடப்படவில்லை எனக் கொள்வோம்" என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கணக்கைச் செய்யும்படி என் மாணவர்களுக்குச் சொல்வேன். அந்த வரிக்கு எப்படிப் புள்ளி இடப்படும் என்பதற்கு நான் உறுதி தர முடியாது. ஆனால் எந்தக் கேள்விக்கு விடை எழுதினார் என்பதைத் திருத்துபவருக்கு அது தெளிவாக்கும். உங்கள் மகளின் கொப்பியில் இருக்கும் கணக்கை நான் பார்க்கவில்லை. கொப்பியில் 13/25க்கு மேலே உள்ள வினாவை மறுபடி வாசித்துப் பாருங்கள், "மீண்டும் பையினுள் இடப்பட்டு" என்ற சொற்கள் அங்கே இருந்தால் அந்த ஆசிரியரிடம் பிழை எதுவும் இல்லை.

மகளுக்குப் புரிந்ததா என்று பார்க்க எண்களை மாற்றி ஒரு கணக்குக் கொடுங்கள்: 4 சிவப்பு, 3 நீலம், மற்றதெல்லாம் அப்படியே. வாய்பாடு எதுவும் எழுதாமல் ஏழுக்கு ஏழு நெய்யரியை வரைந்து மூலைவிட்டத்தை வெட்டிவிட்டு எண்ணினால் அவருக்கு 18/42 வரவேண்டும். பிறகு வெட்டிய ஏழையும் மேலேயும் கீழேயும் சேர்க்கச் சொல்லுங்கள். 25/49 வரும். அதையே மரவரிப்படத்தில் 4/7 × 4/7 + 3/7 × 3/7 என்று அவர் தானாகச் சரிபார்த்துவிட்டால், அடுத்து மூன்று பந்துகள் எடுக்கும் கணக்குக்குப் போகலாம். அங்கே நெய்யரி உதவாது, மரம் மட்டுமே உதவும். அதில் எங்காவது நின்றுவிட்டால் அவர் எழுதிய படத்தோடு மறுபடியும் கேளுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.